சென்ற் லோறன்ஸ் சந்தையில் ஒரு புரட்டாதிச் சனி

புதிய ஊருக்குச் சென்றால் முதலில் சந்தைக்குப் போ, பிறகு கச்சேரிக்குப் போ என்று எனக்குப் பத்திரிகைத் தொழிலைக் கற்றுத்தந்த ஆசிரியர் ஒருவர் சொல்வார். கச்சேரியில் இருப்பவர்கள் ஊர் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்வார்கள், சந்தையில் இருப்பவர்கள் ஊர் எப்படி இருக்கிறது என்று சொல்வார்கள் என்பது அவருடைய விளக்கம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பழக்கத்தை நான் விட்டதில்லை. ரொறன்ரோவில் மாத்திரம் அது தவறிப்போயிற்று. மகள் அங்கே குடியேறிய பின்னர் பல தடவைகள் சென்று வந்திருக்கிறேன். ஸ்காபுறோவில் உள்ள தமிழ்க் கடைகளில் முருங்கைக்காயும் கருவாடும் வாங்கிக்கொண்டு திரும்புவதோடு என் சந்தைப் பயணம் முடிந்துவிடும். அது நம்மவர்களின் ரொறன்ரோ. அதற்கு அப்பால் இருப்பது வெள்ளையர்களின் வரலாறு, அதில் நமக்கென்ன வேலை என்ற எண்ணமும் உள்ளூர இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

2025 ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில் அங்கே தங்கியிருந்தபோது ஒரு சனிக்கிழமை மகளும் மருமகனும் வேலைக்குச் செல்லவேண்டியிருந்தது. "அப்பா, இரண்டு பேரையும் ஒருக்கால் வெளியில கூட்டிக்கொண்டு போங்கோ. வீட்டில விட்டால் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பினம்" என்றாள் மகள். பன்னிரண்டு வயதுப் பேரனையும் எட்டு வயதுப் பேத்தியையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். இருவரும் அந்த நகரத்திலேயே பிறந்தவர்கள். ஆயினும் அந்த நகரத்தின் முதற் சந்தையை அவர்களும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

கென்னடி நிலையத்தில் சுரங்க ரயில் ஏறி, யங் வீதியில் மாறி, கிங் நிலையத்தில் இறங்கினோம். வழியில் நாம் பார்க்கப்போகும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக்கொண்டு வந்தேன். அடிமைத்தனத்திலிருந்து தப்பி அமெரிக்காவிலிருந்து கனடாவுக்கு வந்த கறுப்பின மக்களைப் பற்றிப் பேரன் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தான். அவர்களை மறைத்து மறைத்துக் கடத்திவிட்ட வழிக்கு 'நிலக்கீழ் ரயில்' என்று பெயர் என்று தங்கைக்கு விளக்கினான். "நாங்கள் இப்ப வந்த ரயிலா?" என்று கேட்டாள் அவள். பக்கத்து இருக்கையில் இருந்த தமிழ்ப் பெண்மணி ஒருவர் சிரித்துவிட்டார்.

கிங் நிலையத்திலிருந்து கிழக்கே பத்து நிமிட நடை. நீங்கள் போவதாயிருந்தால் சனிக்கிழமை காலையிலேயே போங்கள். சனிக்கிழமைக்கு அங்கே ஒரு காரணம் உண்டு. 1803 ஆம் ஆண்டு இந்த நகரம் யோர்க் என்ற பெயரில் சில நூறு பேர் வாழ்ந்த ஒரு சேற்றுக் குடியிருப்பாக இருந்தபோது, ஆளுநர் பீற்றர் ஹன்ரர் என்பவர் சனிக்கிழமை தோறும் இவ்விடத்தில் பொதுச் சந்தை கூடவேண்டும் என்று பிரகடனம் செய்தார். இருநூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் விவசாயிகள் சனிக்கிழமை காலையில்தான் அங்கே வருகிறார்கள். நகரத்தின் பெயர் மாறியது, கட்டடங்கள் பலமுறை மாறின, ஏரிக்கரைகூட இடம் மாறியது, கிழமை மாறவில்லை.

அந்த நிலம் எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிசிசாகா பூர்வகுடிகளிடமிருந்து ரொறன்ரோ நிலத்தை வாங்கியதாக 1787 இல் எழுதப்பட்ட ஆவணம் சரியில்லை என்று, 1805 இல் பத்து ஷில்லிங் கொடுத்து அதை உறுதிப்படுத்திக்கொண்டார்கள். 2010 ஆம் ஆண்டில்தான் கனடிய அரசாங்கம் அதற்காக 145 மில்லியன் டொலர் வழங்கி வழக்கை முடித்துக்கொண்டது. காணி உறுதியைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறன்ற் வீதியின் தென்புறத்தில் நிற்கிறது பிரதான சந்தைக் கட்டடம். செங்கல்லால் ஆன பெரிய மண்டபம். உள்ளே உருக்குச் சட்டங்கள் தாங்கும் உயர்ந்த கூரை, அதன் கீழ் பாற்கட்டிக் கடைகள், மீன் கடைகள், இறைச்சிக் கடைகள், ரொட்டிக் கடைகள், கீழ்த்தளத்தில் அரிசி, பருப்பு, தானிய வகைகள். வாசலைத் தாண்டியதும் பேத்தி அண்ணாந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். "அம்மப்பா, ஏன் சுவருக்குள்ள இன்னொரு சுவர்?" என்றாள். சுற்றுலாப் பயணிகள் பலர் நாவூறும் வாசனையைப் பின்தொடர்ந்து நேரே போய்விடுவதால் தவறவிடும் காட்சியை அந்தப் பிள்ளை முதலில் கண்டுவிட்டாள்.

அந்த உட்சுவர்தான் 1845 இல் கட்டப்பட்ட ரொறன்ரோ நகர மண்டபத்தின் முகப்பு. ஹென்றி போயர் லேன் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. 1899 இல் மாநகர சபை குயின் வீதியில் எழுந்த புதிய மாளிகைக்குப் போய்விட்டது. பழைய மண்டபத்தை இடிக்கவேண்டிய வேளை வந்தபோது அதன் இரு சிறகுகளையும் மாத்திரம் வெட்டி எறிந்துவிட்டு, நடுப்பகுதியை அப்படியே விட்டு, அதைச் சுற்றிப் புதிய சந்தையைக் கட்டிவிட்டார்கள். ஜோன் சிடால் என்ற கலைஞரின் வேலை அது, 1904 அளவில் நிறைவெய்தியது. பழமையைப் பேணும் பக்தி அதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. இடிப்பதற்கும் செலவாகும் அல்லவா? சிக்கனத்தாற் பிழைத்த வரலாறுகள் உலகில் அனேகம்.

மேல்மாடியில் இருந்த சபை மண்டபத்தில் நகரபிதாக்கள் விவாதித்தார்கள். கீழே கடைகளும் பொலிஸ் நிலையமும், அதற்கும் கீழே சிறைக்கூடமும் இருந்தன. ஒரே கட்டடத்தில் வரி விதிப்பவரும், வரி கட்டுபவரும், கட்டாதவரும் இருந்தார்கள் என்று பேரனிடம் சொன்னேன். அவன் அதைவிடச் சிறைக்கூடத்திற்குள் ஏரித் தண்ணீர் வந்ததா என்பதிலேயே ஆர்வமாக இருந்தான். அது நியாயமான கேள்விதான். 'பிறன்ற்' என்றால் முன்புறம். ஏரியை நோக்கிய முன்புறத் தெரு அது. இந்த மண்டபம் எழுந்தபோது அதன் பின்புறம் ஏரிக்கரை, படகுகள் அங்கே வந்து ஒதுங்கின. பின்னர் ரயில் பாதைக்காகவும் துறைமுகத்துக்காகவும் ஏரியை நிரப்பி நிரப்பி, இன்று வெகுவாகத் தள்ளிப் போய்விட்டது தண்ணீர்.

இந்தக் கட்டடத்துக்கு முன்னர் தெருவின் வடபுறத்தில் 1831 இல் எழுந்த சந்தைதான் நகரின் முதலாவது சபை மண்டபமாகவும் இருந்தது. 1834 இல் யோர்க் என்ற பெயர் ஒழிந்து ரொறன்ரோ மாநகரம் பிறந்தபோது முதலாவது மேயராகத் தெரிவானவர் வில்லியம் லயன் மக்கென்சி. அந்த ஆண்டு யூலை மாதம் வரிகள் பற்றிப் பேசுவதற்காகச் சந்தைக் கட்டடத்தில் ஒரு பொதுக்கூட்டம் நடந்தது. மக்கள் நெருக்கியடித்து நின்ற மேல்மாடம் இடிந்து விழுந்தது. கீழே இறைச்சிக் கடைகள். மாட்டிறைச்சி தொங்கவிடும் கொழுக்கிகளின் மீது மனிதர்கள் விழுந்தார்கள். சிலர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். இதைப் பேத்தியின் காதில் விழாதபடி பேரனுக்குச் சொன்னேன். விழுந்துவிட்டது. அதன்பிறகு இறைச்சிக் கடைப் பக்கம் அவள் என் கையை விடவில்லை.

மக்கென்சி மேயர் ஆவதற்கு முன் பத்திரிகைக்காரர். 'கொலோனியல் அட்வகேற்' என்ற பத்திரிகையைத் தாமே எழுதி, தாமே அச்சிட்டு வெளியிட்டார். ஆளும் குடும்பங்களை அவர் திட்டாத நாளில்லை. தரமான எழுத்து என்று சொல்லமாட்டேன், பல இடங்களில் தனிமனித வசை. அவருடைய அச்சகம் சந்தையிலிருந்து இரண்டு தெருச் சந்திகள் கிழக்கே, பிறெட்றிக் வீதி முனையில், அவருடைய வீட்டிலேயே இருந்தது. 1826 யூன் 8 ஆம் திகதி, பட்டப்பகலில், பெரிய குடும்பத்துப் பிள்ளைகளும் சட்டம் பயிலும் இளைஞர்களுமாகப் பதினைந்து பேரளவில் உள்ளே புகுந்து, அச்சு யந்திரத்தை உடைத்து, ஈய எழுத்துக்களை அள்ளிச்சென்று ஏரியில் வீசினார்கள். நீதவான்கள் சிலர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

'எழுத்துக்களை ஏரியில் வீசினார்கள்' என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கும்? கீபோட்டைத் தூக்கி எறிந்தார்களா என்று கேட்டான் பேரன். ஒவ்வொரு எழுத்தும் ஒரு சிறிய ஈயத் துண்டு, அவை அறை அறையாகப் பிரித்த மரப்பெட்டிகளில் கிடக்கும், அச்சுக்கோப்பவர் பார்க்காமலே கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து வரி கோப்பார், தமிழுக்கு ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு அறைகள் வேண்டும், ஒரு பெட்டி கவிழ்ந்தால் பிரித்து அடுக்க ஒரு நாள் போய்விடும் என்றெல்லாம் சொன்னேன். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் எங்கள் அச்சுக்கூடத்தில் அப்படியொரு பெட்டி கவிழ்ந்தபோது தலைமை அச்சுக்கோப்பாளர் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் அமர்ந்து பொறுக்கத் தொடங்கியது இன்றும் கண்முன் நிற்கிறது. ஒரு பெட்டிக்கே அப்படி. முழு அச்சகத்தையும் அழிப்பதென்றால்? 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. நூலகத்தை உலகம் நினைவு வைத்திருக்கிறது. பத்திரிகை அலுவலகத்தை எங்களைப் போன்ற சிலர்தாம் நினைவு வைத்திருக்கிறோம்.

மக்கென்சியின் கதை வேறுவிதமாக முடிந்தது. அந்த நேரத்தில் அவர் கடன்காரர்களுக்கு அஞ்சி நகரத்திலேயே இல்லை. பத்திரிகை மூடும் நிலையில் இருந்தது. வழக்குத் தொடுத்தார், ஜூரிகள் அவருக்கு 625 பவுண் நட்டஈடு வழங்கினார்கள். அந்தப் பணத்தில் கடனை அடைத்துப் பத்திரிகையைத் தொடர்ந்தார். எழுத்தை ஏரியில் போட்டவர்களே பத்திரிகையைக் காப்பாற்றிவிட்டார்கள். எட்டு ஆண்டுகளில் அவர் மேயர். மேயராக இருந்தபோது தம்மீது சப்பாத்தைக் கழற்றி எறிந்த ஒரு பெண்ணைத் தொழுமரத்தில் மாட்டவைத்தவரும் அவர்தான் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது பத்திரிகை தர்மம் ஆகாது.

1849 ஏப்ரல் 7 ஆம் திகதி பெருந்தீ. நகரின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 15 ஏக்கர் எரிந்துபோயிற்று. சென்ற் ஜேம்ஸ் தேவாலயமும் சந்தையின் வடபகுதியும் அதில் அடக்கம். "உங்கட ஊர்ச் சந்தையும் எரிஞ்சதுதானே, அம்மா சொன்னவ" என்றான் பேரன். 1977 ஆகஸ்ட் மாதத்தில் யாழ்ப்பாண நகரின் பழைய சந்தை தீக்கிரையானதை மகள் என்னிடம் கேட்டு அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். இரண்டும் தீதான். ஆனால் ரொறன்ரோவில் எரிந்தது விபத்து. எரிந்த அடுத்த ஆண்டே வில்லியம் தோமஸ் என்ற கலைஞரைக் கொண்டு அதே இடத்தில் கிங் வீதியைப் பார்த்தபடி ஓர் அழகிய மண்டபத்தை எழுப்பினார்கள். சென்ற் லோறன்ஸ் மண்டபம் என்று பெயர். கீழே கடைகள், மேலே ஆயிரம் பேர் அமரக்கூடிய சபை. சந்தையின் பின்னால் ஒரு சங்கீத மண்டபம் வேண்டுமென்று அந்தச் சிறிய நகரத்துக்குத் தோன்றியிருக்கிறது.

நாங்கள் அங்கே சென்று நின்றபோது வெயில் ஏறியிருந்தது. இந்த மண்டபத்தைப் பற்றித்தான் நான் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

1850 செப்ரெம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. தப்பியோடிய அடிமைகள் வடமாநிலங்களில் ஒளிந்திருந்தாலும் பிடித்து எசமானிடம் ஒப்படைக்கவேண்டும், ஒப்படைக்க உதவ மறுப்பவருக்குத் தண்டனை என்றது அச்சட்டம். அதுவரை வடக்கே பாதுகாப்பாக இருந்தவர்களும் எல்லை கடந்து கனடாவுக்கு வரத் தொடங்கினார்கள். 1851 பெப்ரவரி 26 ஆம் திகதி ரொறன்ரோ நகர மண்டபத்தில், அதாவது என் பேத்தி 'சுவருக்குள் சுவர்' என்று காட்டிய அந்தக் கட்டடத்தில், கனடிய அடிமைத்தன எதிர்ப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. 'குளோப்' பத்திரிகையை நடத்திய ஜோர்ஜ் பிறவுண் அதில் முன்னின்றவர்களுள் ஒருவர். ஏப்ரலில் பிறெட்றிக் டக்ளஸ் வந்து சென்ற் லோறன்ஸ் மண்டபத்தில் பேசினார். அவர் அடிமையாகப் பிறந்து தப்பியவர், பின்னர் பத்திரிகை நடத்தியவர். செப்ரெம்பர் 11 முதல் மூன்று நாட்கள் அதே மண்டபத்தில் கறுப்பின மக்களின் வட அமெரிக்க மாநாடு கூடியது. எங்கே போவது, எங்கே வாழ்வது, அமெரிக்காவிலேயே நின்று போராடுவதா, கனடாவுக்கு வருவதா, ஆபிரிக்காவுக்கோ மேற்கிந்தியத் தீவுகளுக்கோ போவதா? மூன்று நாட்களும் இதுதான் விவாதம். கனடாவே ஏற்ற இடம் என்று முடிவு செய்தார்கள்.

அந்த விவாதம் நமக்குப் புதிதா? 1983 க்குப் பின்னர் எத்தனை வீட்டு முற்றங்களில் எத்தனை இரவுகள் இதே கேள்வி பேசப்பட்டது. இந்தியாவா, ஜெர்மனியா, கனடாவா? 1986 ஆகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் கரைசேர்த்தது பலருக்கு நினைவிருக்கும். இந்த நாட்டில் அகதிகள் தங்கள் எதிர்காலத்தைப் பற்றித் தாமே கூடிப் பேசுவது நம்மோடு தொடங்கவில்லை. நமக்கு நூற்றிமுப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, ஒரு சந்தையின் மேல்மாடியில், அவர்கள் பேசியிருக்கிறார்கள். இதுவரை நான் அந்த நகரத்துக்குப் போய்வந்த தடவைகளில் ஒருமுறையாவது கிங் வீதியில் நடந்திருக்கக்கூடாதா என்று என்னை நானே நொந்துகொண்டேன்.

மாநாட்டை முன்னின்று நடத்தியவர் ஹென்றி பிப். அவரும் தப்பிவந்தவர். அவ்வாண்டு சனவரி முதலாம் திகதிதான் 'வொய்ஸ் ஒவ் த பியுஜிற்றிவ்' என்ற பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். 'தப்பியோடியவரின் குரல்' என்று பொருள் கொள்ளலாம். அங்கே வந்திருந்த இன்னொருவர் மேரி ஆன் ஷாட் என்ற இளம் ஆசிரியை. அவர் கனடாவிலேயே தங்கி, 1853 இல் 'புறொவின்சியல் பிறீமன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். வட அமெரிக்காவில் பத்திரிகை வெளியிட்ட முதலாவது கறுப்பினப் பெண் அவரே. பெண் நடத்தும் பத்திரிகை என்று தெரிந்தால் வாங்கமாட்டார்கள் என்பதற்காகத் தொடக்கத்தில் ஆசிரியர் என்ற இடத்தில் சாமுவேல் றிங்கோல்ட் வார்ட் என்பவரின் பெயரைப் போட்டார். 1854 இல் அலுவலகத்தை ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்தார். கிங் வீதி கிழக்கு 143 ஆம் இலக்கம். சென்ற் லோறன்ஸ் மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரம். வேலைக்கும் சாப்பாட்டுக்கும் வெள்ளையரிடம் கையேந்தாமல் சொந்தக்காலில் நிற்கவேண்டும் என்று தம் மக்களுக்கே கடுமையாக எழுதினார். அகதிகளின் பெயரில் நிதி சேர்ப்பவர்களை அவர் விட்டுவைக்கவில்லை. அதனால் ஹென்றி பிப்புடன் பெரும் பகை. ஒரு சமூகத்துக்கு இரண்டு பத்திரிகை, இரண்டு ஆசிரியருக்கும் ஆகாது! இதுவும் நமக்குப் புதிதல்ல.

பசி வந்துவிட்டது. தென்கட்டடத்தில் 'பீமீல் பேக்கன்' சான்ட்விச்சுக்குப் பெரிய வரிசை. உப்புநீரில் ஊறவைத்த பன்றியின் முதுகுப்பக்க இறைச்சியை முன்பு பட்டாணி மாவில் புரட்டுவார்கள், இப்போது சோள மாவில் புரட்டுகிறார்கள். 1854 இல் இச்சந்தையில் ஒரு தட்டுக்கடையோடு தொடங்கிய வில்லியம் டேவிஸ் என்பவரின் பெயரோடு அது இணைந்தது. அவருடைய தொழில் வளர்ந்த வளர்ச்சியில் ரொறன்ரோவுக்கே 'பன்றி நகரம்' என்று பட்டப்பெயர் வந்தது. பிள்ளைகள் ஆளுக்கொன்றை இரசித்துச் சாப்பிட்டார்கள். எனக்குப் புரட்டாதிச் சனி. காலையில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்தவன், ஓர் அப்பிளும் தேநீருமாக வாங்கில் அமர்ந்திருந்தேன். "அம்மப்பா, வாசம் பிடிச்சால் விரதம் முறியுமோ?" என்றாள் பேத்தி.

அங்கே வைத்துத்தான் பேரனுக்கு இன்னொரு பத்திரிகைச் செய்தியைச் சொன்னேன். சொல்வதா விடுவதா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்த விடயம். 1803 இல் இச்சந்தை பிரகடனமாவதற்குச் சில வாரங்கள் முன்னர், செப்ரெம்பரில், யோர்க் பத்திரிகையில் ஓர் அறிவித்தல் வந்தது. என் கறுப்பு வேலைக்காரி பெகி என் அனுமதியின்றி வீட்டைவிட்டுப் போயிருக்கிறாள், அவளுக்கு எவரும் வேலையோ இடமோ கொடுக்கவேண்டாம் என்பது அதன் சாரம். அறிவித்தவர் பீற்றர் றசல். சில ஆண்டுகளுக்கு முன் அம்மாகாணத்தையே நிர்வகித்தவர். 1806 பெப்ரவரியில் அவரே இன்னொரு விளம்பரம் கொடுத்தார். நாற்பது வயதுப் பெகியும் அவளுடைய பதினைந்து வயது மகன் ஜூப்பிற்றரும் விற்பனைக்கு. தாய்க்கு 150 டொலர், மகனுக்கு 200 டொலர். பெகியின் கணவர் சுதந்திர மனிதர், அதே றசலிடம் சம்பளத்துக்கு வேலை செய்தவர். 1793 இலேயே இம்மாகாணத்தில் அடிமைத்தனத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அது புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதைத்தான் தடுத்தது, இருந்தவர்களை விடுவிக்கவில்லை. சட்டம் வந்தபின் பிறந்த பிள்ளைகளுக்கே இருபத்தைந்து வயதில் விடுதலை. ஜூப்பிற்றர் சட்டத்துக்கு முன் பிறந்துவிட்டான். கனடா என்றால் அடிமைகள் தப்பிவந்த நாடு என்று மாத்திரம் படித்திருந்த பேரன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

"கனடாவிலயா?" என்றான்.

"இந்த ஊரிலதான்."

சற்று நேரம் கழித்து, "பேப்பர்காரர் அதை ஏன் போட்டவை? போடமாட்டம் எண்டு சொல்லியிருக்கலாம்தானே?" என்றான்.

அது அரசாங்கப் பத்திரிகை, அறிவித்தல் கொடுத்தவர் பெரிய மனிதர், காசு கொடுத்தால் போடுவது வழக்கம் என்று மூன்று காரணங்கள் சொன்னேன். மூன்றும் உண்மை. மூன்றையும் சொல்லி முடித்தபின் அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஏனென்றால் விளம்பரப் பகுதியின் வாசலைக் கடந்து உள்ளே போனவன் நான். எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் வேலை செய்த பத்திரிகையில் 'காணவில்லை' அறிவித்தல்கள் நாள்தோறும் வரும். பிள்ளையின் படத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு தாய்மார் வருவார்கள். அளவுகோலை வைத்து அங்குலக் கணக்குப் பார்த்து, படத்துக்கு வேறு, எழுத்துக்கு வேறு என்று பணம் வாங்கிக்கொண்டு பற்றுச்சீட்டுக் கொடுப்போம். ஒரு தாய் மாதாமாதம் வந்து ஒரே அறிவித்தலைப் போட்டார். படத்தின் அச்சுக்கட்டை எங்களிடமே இருந்தது. இதைச் செய்தியாகப் போட்டால் என்ன என்று ஆசிரியபீடத்தில் ஒருநாள் நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எல்லாம் விளம்பரப் பகுதியின் விடயம் என்று படியேறிப் போய்விட்டேன்.

இதைப் பேரனுக்கு அப்போது சொல்லவில்லை. "வா, மக்கென்சியின்ர வீட்டடிக்குப் போவம்" என்று எழுந்தேன்.

போகும் வழியில் வடபுறக் கட்டடத்துக்குள்ளும் நுழைந்து வந்தோம். 1968 இல் அங்கே எழுப்பிய பெட்டிபோன்ற கட்டடத்தை 2016 இல் இடித்துத் தோண்டியபோது, முந்திய சந்தைகளின் அத்திவாரங்களும் பழைய கல் வாய்க்காலும் ஒன்றின்மேல் ஒன்றாக வெளிப்பட்டன. இப்போது நிற்பது 2025 இல் திறந்த புதிய கட்டடம். மேல்மாடிகளை நீதிமன்ற அறைகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள், தரைத்தளத்தில் விவசாயிகள். நீதியும் வெங்காயமும் மறுபடி ஒரே கூரையின் கீழ். இந்தச் சந்தைத் தொகுதி எழுபதுகளில் இடிபட இருந்ததையும், நகரமக்கள் விடாப்பிடியாக நின்றதால் தென்கட்டடம் பிழைத்துப் புதுப்பிக்கப்பட்டதையும் இங்கே குறிப்பிடவேண்டும். பழைய சபை மண்டபத்தை 1979 இல் காட்சிக்கூடமாகத் திறந்தார்கள். மகள் கேட்ட பூசணிக்காயையும் ஒரு கூடை அப்பிளையும் ஒன்ராறியோ விவசாயி ஒருவரிடம் வாங்கினேன். பேரம் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை.

பிறெட்றிக் வீதி முனையில் இன்று பார்ப்பதற்கு எதுவுமில்லை. தெற்கே மாடிக் கட்டடங்கள், அதற்கப்பால் ரயில் பாதை, நெடுஞ்சாலை. ஏரி கண்ணுக்கே தெரியவில்லை. எழுத்துக்களை எங்கே போட்டார்கள் என்று பேத்தி கேட்டாள். கரை இந்தத் தெருவோடு இருந்தது, ஆகவே நீ பார்க்கும் அந்தக் கட்டடங்களின் பக்கம்தான் என்றேன். குனிந்து நடைபாதையின் விளிம்பை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏ, பி, சி எல்லாம் கீழயா?" என்றாள்.

திரும்பும் ரயிலில் பேத்தி என் மடியில் தூங்கிவிட்டாள். பூசணிக்காயைப் பேரன் வைத்திருந்தான். விக்ரோறியா பார்க் நிலையம் தாண்டியபோதுதான் அந்தத் தாயின் கதையை அவனுக்குச் சொன்னேன். மாதாமாதம் வந்தது, அங்குலக் கணக்கு, படத்தின் அச்சுக்கட்டை எல்லாவற்றையும். அவன் இடைமறிக்காமல் கேட்டான்.

"அந்த அம்மாவிட்டயும் காசு வாங்கினீங்களா, அம்மப்பா?"

"ஒவ்வொரு முறையும்" என்றேன்.

கென்னடி வந்துவிட்டது. தங்கையை எழுப்பிவிட்டுப் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் இறங்கினான்.